கடலோரத்தில் நாலு நாள்

தகவல் துளி.

நாகூரிலிருந்து காரைக்கால் போகும் வழியில் எல்லை கடந்ததும் வருவது வாஞ்சூர். அதன் கடற்கரைப் பக்கம் கீழவாஞ்சூர். 2009 முதல் இங்கே காரைக்கால் துறைமுகம் இயங்குகிறது.

இதுபோன்ற கடலோர ஊர்களில் கட்டில், மெத்தை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்து வீட்டை நாள் வாடகைக்கு விடுவது இப்போது பெருகி வருகிறது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்துகொண்டு அறைகளை மட்டும் விட்டால் அது ஹோம்ஸ்டே. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்யலாம். வசதியைப் பொறுத்து வெள்ளி, தங்கம் என இரண்டு தரம் உண்டு.

தங்கப் போகிறவர்கள் முதலில் கதவுத் தாழ்ப்பாளையும் சன்னல் கொக்கியையும் ஆட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறிவிடும். பித்தளை தாங்கும்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதையும் பாருங்கள். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகில் வருவதுதான் சந்தைக்கு.

மாசி மகத்தன்று போனால் விசேஷம். பக்கத்துத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மீனவ மக்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே வரவேற்பார்கள்.

விருந்தாளியாகப் போகிற நமக்கும் அங்கே ஒரு வேலை உண்டு நேயர்களே: வலை உலர்த்தும் மணலில் குப்பை போடாமல் திரும்புவது!