மிஸ் அடிக்கும் எஞ்சினும் மின்காந்தத் தூண்டலும்

மாணவர்களே, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்தைத் தாண்டிச் செல்லும் ஒரு பழைய காரின் சத்தத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். சீராக ஒலிக்க வேண்டிய எஞ்சின் இடையிடையே விக்கல் எடுப்பதுபோல் ஒலித்தால் அது "மிஸ் அடிக்குது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓர் உருளையினுள் உரிய நேரத்தில் தகனம் நடைபெறாமல் போவதே மிஸ் ஆகும். இதன் காரணத்தை வீட்டு முற்றத்திலேயே கண்டறியலாம். அதற்குத் தேவையான அறிவு உங்கள் விஞ்ஞானப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கின்றது.

மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட இக்காரில் நான்கு உருளைகளைக் கொண்ட, நான்கு அடிப்புப் பெற்றோல் எஞ்சின் உண்டு. எந்த இலத்திரனியல் கட்டுப்பாடும் இல்லை. எனவே பிழை எங்கே என்பதைக் காதாலும் கண்ணாலும் கையாலும் தேடலாம். (இன்றைய கார்களில் வயர்களைக் கழற்றிப் பார்க்கும் முறையைக் கையாளக்கூடாது; அவற்றின் இலத்திரனியல் பகுதிகள் பழுதடையலாம்.)

தகனம் நடைபெற மூன்று விடயங்கள் வேண்டும்: உரிய நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் வளி – எரிபொருட் கலவை, போதிய நெருக்கல். மிஸ் அடிக்கும் எஞ்சினில் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைகின்றது. பழைய வாகனங்களில் பெரும்பாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தீப்பொறியையே.

12 வோல்ற்று பற்றரியிலிருந்து பல்லாயிரம் வோல்ற்று எவ்வாறு கிடைக்கின்றது? மெக்கானிக்மார் கொயில் என்பது ஒரு தூண்டற் சுருளாகும். அதன் முதன்மைச் சுருளில் சுற்றுகள் குறைவு. துணைச் சுருளில் மிக அதிகம். பொயின்ற் எனப்படும் தொடுகைகள் மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் ஓட்டம் பாய்ந்து காந்தப் புலம் உண்டாகின்றது. அவை திறக்கும் கணத்தில் ஓட்டம் நின்று காந்தப் புலம் திடீரெனக் குலைகின்றது. 1831இல் பரடே கண்டறிந்தவாறு, மாறும் காந்தப் புலம் துணைச் சுருளில் மின்னியக்க விசையைத் தூண்டுகின்றது. மாற்றம் விரைவானதாக இருந்தால் தூண்டப்படும் மின்னியக்க விசையும் பெரிது. பொயின்ற்றுக்குச் சமாந்தரமாக ஒரு கொள்ளளவி இணைக்கப்பட்டிருப்பதும் இதற்காகவே. அது ஓட்டம் விரைவாக நிற்க உதவுவதுடன் தொடுகைகள் எரிந்துபோவதையும் குறைக்கின்றது. பொயின்ற்றில் பெரிய பொறி பறப்பதைக் கண்டால் கொள்ளளவியைச் சந்தேகியுங்கள்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றுவதாகக் கொள்க. நான்கு அடிப்பு எஞ்சினில் ஒவ்வோர் உருளைக்கும் இரு சுற்றுக்கு ஒரு தடவை பொறி வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 1500. நான்கு உருளைகளுக்கும் 6000. ஆகவே அந்தச் சிறிய பொயின்ற் செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடுகின்றது! அதன் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் மாத்திரமே. தேய்ந்து குழி விழுந்த பொயின்ற் மிஸ்ஸை உண்டாக்குவதில் வியப்பில்லை.

இனித் தேடுவோம். காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டிலில் எஞ்சினை இயக்கினால் காபனோரொட்சைட்டு நிறைந்து உயிரைப் பறிக்கும். பெற்றோல் போத்தல் அருகில் இருக்கக்கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

முதலில் கேளுங்கள். சீரான இடைவெளியில் விக்கல் வந்தால் குறித்த ஓர் உருளையே வேலை செய்யவில்லை எனலாம். ஒழுங்கின்றி வந்தால் எல்லா உருளைகளுக்கும் பொதுவான கொயில், பொயின்ற், காபுரேற்றர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓர் உருளைதான் எனின் அது எது? எஞ்சினை நிறுத்தி, முதலாம் உருளையின் பிளக் வயரைக் கழற்றி அதன் உலோக முனையை எஞ்சினின் உடலுடன் தொடுமாறு வைத்து, மீண்டும் இயக்குங்கள். ஓடும்போது வயரைத் தொடாதீர்கள். கடும் மின்னதிர்ச்சி ஏற்படும். எஞ்சின் முன்னரைவிட மோசமாக ஓடினால் அந்த உருளை நல்லது. ஒவ்வொன்றாகச் செய்து வரும்போது எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுவே பிழையான உருளை.

அது மூன்றாம் உருளை என்க. உடனே கடைக்கு ஓட வேண்டாம். எஞ்சின் ஆறிய பின் மூன்றாம், இரண்டாம் உருளைகளின் பிளக்குகளை மாத்திரம் இடம்மாற்றுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். மிஸ் இரண்டாம் உருளைக்கு மாறினால் குற்றவாளி பிளக்கே. மாறாவிட்டால் பிளக் நல்லது. அடுத்ததாக வயரை மாற்றிப் பாருங்கள். பிளக், வயர், பொயின்ற் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரிவந்திட்டுது" என்பவருக்கு எது பழுது என்று தெரியாது. நல்ல பொருள்களுக்கும் காசு கொடுத்திருப்பார். ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மாற்றி ஏனையவற்றை மாறாது வைப்பதும் இதற்காகத்தானே.

கழற்றிய பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். வெளிர் கபிலம் நல்ல அறிகுறி. உலர்ந்த கறுப்புக் கரி எரிபொருள் மிகையைக் காட்டும். எண்ணெய் பிசுபிசுத்தால் முசல வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

கரி படிந்த பிளக்கை வன்னி நன்கறியும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது அரிதானபோது இங்கும் யாழ்ப்பாணத்திலும் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடாக்கிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோலைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாவதால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நன்கு எரியாது. கரி படியும், மிஸ் அடிக்கும். பழைய கார்களே இதற்கு ஈடுகொடுத்தன. 1950களின் தொடக்க எஞ்சின்களில் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 7:1 ஆக இருந்தமை அதற்கு ஒரு காரணம். நெருக்கல் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் தானாகப் பற்றி இடிக்கும்.

பிளக்கும் வயரும் நல்லவை, டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் வெடிப்பில்லை எனின் நெருக்கலைச் சோதியுங்கள். சாவியை நிறுத்தி, கொயில் வயரையும் பிளக்குகளையும் கழற்றி, துளையின் வாயைப் பெருவிரலால் மேலாக அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றட்டும். விரலைத் தள்ளும் விசை ஓர் உருளையில் குறைந்தால் அதன் வால்வோ முசல வளையமோ பழுது. அடுத்தடுத்த இரு உருளைகளில் குறைந்தால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகிக்க வேண்டும். இவை கராச் வேலை.

பயிற்சி வினா: ஒரு பழைய கார் மார்கழி மழைக் காலக் காலை வேளைகளில் மாத்திரம் மிஸ் அடிக்கின்றது, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகின்றது. காரணத்தை ஊகித்து, அதைச் சோதிக்கும் முறையைக் கூறுக.

விடை: டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் வயர்களிலும் ஈரம் படிவதால் உயர் அழுத்த மின் பிளக்கை அடையாமல் எஞ்சினின் உடலுக்குக் கசிகின்றது. அடுத்த மழைநாட் காலையில், எஞ்சினை இயக்க முன்னர், மூடியின் உட்புறத்தையும் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிளக்கையோ எரிபொருளையோ மாற்றக்கூடாது. மிஸ் நின்றால் ஊகம் ஆதரிக்கப்படுகின்றது.