சாய்ந்த மரங்களின் கணக்கு

வடகிழக்குப் பருவமழைப் புயல்களைக் கடலின் கதையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். காட்டிலும் தோட்டத்திலும் அவை விட்டுச் செல்லும் சேதம் பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. அதன் ஒரு முனை மும்பையின் சயானிலும் இருக்கிறது.

2017 டிசம்பர் 5. மும்பை நனைந்துகொண்டிருந்தது. டிசம்பரில் குடையைத் தேடி எடுக்கும் வழக்கம் இந்த நகரத்துக்குக் கிடையாது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மறுநாள் அம்பேத்கர் நினைவு தினம். அதற்காகத் தாதர் சிவாஜி பார்க்கில் வந்து கூடியிருந்தவர்களை மாநகராட்சி அவசர அவசரமாகப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. கடல், தான் விழுங்கிய பிளாஸ்டிக் குப்பையை டன் கணக்கில் கரையில் திருப்பித் துப்பியது.

சயான் கோலிவாடாவில் டீக்கடை வைத்திருக்கும் குலசேகரத்துக்காரருக்கு அந்த மழை புதிய செய்தியல்ல. ஐந்து நாட்களுக்கு முன்பே அதே புயல் அவருடைய ஊரைத் தாண்டி வந்திருந்தது. அவருடைய அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. மூன்று நாள் முயன்ற பிறகு தொலைபேசியில் கிடைத்த அப்பா சொன்னது இரண்டே வாக்கியம்: “மக்களே, மரம் ஒண்ணும் மிச்சமில்ல. நீ அங்கேயே இரு.”

அந்தப் புயலின் பெயர் ஒக்கி. வங்கதேசம் வைத்த பெயர். வங்க மொழியில் ‘கண்’ என்று பொருள். அந்தக் கண் தமிழகக் கரையைத் தொடவே இல்லை. நவம்பர் 30ஆம் தேதி கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலிலேயே நகர்ந்து, லட்சத்தீவுகளைக் கடந்து, வடக்கே திரும்பி, குஜராத் கரையருகே வலுவிழந்தது. ஆனால் ஒரு நாளுக்குள் அது புயலாக வலுத்த வேகத்தில், எச்சரிக்கை போய்ச் சேருமுன் பல படகுகள் ஆழ்கடலில் இருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. நாடு முழுவதும் அதைப் பேசியது. பேச வேண்டியதுதான். இறந்த மீனவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு ரூ.20 லட்சம் அறிவித்தது.

அதே இரவில் மலையடிவாரத்தில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

இருட்டில் வந்த கார்த்திகை

கன்னியாகுமரி என்றதும் முக்கடல் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சிறிய மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியான அதில் 400 சதுர கி.மீ.க்கு மேல் வனவிலங்குச் சரணாலயம். காட்டை ஒட்டி கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு என்று அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். அவற்றுக்குக் கீழே குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கம் தனியார் தோட்டங்கள். பேச்சிப்பாறையைச் சுற்றி மிளகும் மரச்சீனியும் ரப்பரும் வைத்துப் பிழைக்கும் காணி மக்களின் குடியிருப்புகள்.

இந்தப் பகுதி முழுவதும் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. மலையின் மறுபக்கம் பாபநாசத்தில் ஒரே நாளில் 45 செ.மீ. மழை பதிவானது. ஊறிப்போன மண் வேரைப் பிடித்து நிற்கவில்லை. ரப்பர், வாழை, தென்னை, பலா எல்லாம் சாய்ந்தன. சாய்ந்தவை மின்கம்பிகளின் மேல் விழுந்தன. ஆயிரக்கணக்கான கம்பங்கள் முறிந்தன. டிசம்பர் 2 அன்று திருக்கார்த்திகை. மாட்டுங்காவிலும் சயானிலும் தமிழ் வீடுகளின் வாசலில் அகல் எரிந்த அந்த மாலை, மலையோர ஊர்களில் விளக்கு என்றால் அகல் மட்டும்தான். பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலானது.

ரப்பர் மரம் புயலுக்கு எளிய இரை. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் அது. மென்மையான கட்டை, உயரத்தில் கனத்த தலை. வரிசையாக, ஒரே வயதில் நட்ட தோட்டத்தில் காற்று ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனை வரை தடையில்லை. பால் வெட்டி வெட்டிப் பட்டை மெலிந்த இடத்தில் தண்டே முறிவதும் உண்டு.

ஏழு ஆண்டு இடைவெளி

வாழை விழுந்தால் ஒரு வருட நஷ்டம். ரப்பர் விழுந்தால் கணக்கே வேறு. கன்று நட்டால் முதல் வெட்டுக்கு ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பால் தரும். ஆகவே நடுவயதில் சாய்ந்த மரம் போன வருமானம் மட்டுமல்ல. இனி வரவேண்டிய பத்துப் பதினைந்து ஆண்டு வருமானமும்கூட.

தோட்டக்காரருக்காவது நிலம் மிஞ்சுகிறது. விழுந்த தடிக்கும் ஒரு விலை உண்டு, அது குறைவாக இருந்தாலும். ரப்பர் தடியை வெட்டிய சில நாட்களுக்குள் மருந்தில் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்துவிடும். ஊரிலுள்ள மரமெல்லாம் ஒரே இரவில் விழுந்தால் மரஅறுப்பு ஆலை எத்தனையை வாங்கும்?

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவருக்கு இதுவும் இல்லை. மரம் அவருடையதல்ல, நிலமும் அவருடையதல்ல. நிவாரணப் படிவம் முதலில் கேட்பது பட்டா, அடுத்து அடங்கல். ‘இந்த மரத்தில் இருபது வருடம் பால் வெட்டினேன்’ என்பதற்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் எதுவும் இல்லை. காட்டுக்குள் தலைமுறைகளாகப் பயிர் செய்தும் கையில் காகிதம் இல்லாத குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான்.

அடுத்த ஆண்டு இதே கதை டெல்டாவில் நடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தமிழக அரசு அறிவித்த தொகை மரத்துக்கு ரூ.600, அதை வெட்டி அப்புறப்படுத்த ரூ.500, மொத்தம் ரூ.1,100. நல்ல தென்னை ஆண்டுக்கு நூறு காய் தரும். புதிய கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். ரூ.1,100ஐ எத்தனை தடவை வகுத்தாலும் அந்த இடைவெளியை அது நிரப்பாது. இங்கேயும் தேங்காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள் கணக்கில் மரமாக வரவில்லை.

எதை அகற்றுவது, எதை விடுவது?

புயலுக்குப் பின் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, விழுந்ததை அப்புறப்படுத்த வேண்டும் என்பது. தோப்பில் அது சரி. அழுகும் தென்னந்தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. தடியை விட்டுவைத்தால் புயலுக்குத் தப்பிய மரத்தை வண்டு முடித்துவிடும். 2005 ஜனவரியில் சுவீடனைத் தாக்கிய குத்ருன் புயல் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அந்த நாடு ஏறக்குறைய ஓராண்டில் வெட்டும் அளவு அது. அங்கும் விழுந்த ஸ்புரூஸ் மரங்களில் பெருகிய பட்டை வண்டுகள், நின்ற மரங்களையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கொன்றன.

ஆனால் இயற்கையான காடு தோப்பல்ல. 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தில் ஒரே இரவில் சுமார் 1.5 கோடி மரங்கள் விழுந்தன. பல இடங்களில் கனரக எந்திரங்களைக் கொண்டு காட்டைச் சுத்தம் செய்து புதிய கன்றுகள் நட்டார்கள். சில இடங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விட்ட இடங்களில் காடு தானாகவே அடர்ந்து எழுந்திருந்தது. சாய்ந்த மரங்களில் பல, வேரின் ஒரு பகுதி மண்ணில் இருந்ததால், படுத்தபடியே துளிர்த்திருந்தன. எந்திரம் ஓடிய இடங்களில் மண் இறுகி, முளைக்க வேண்டியது நசுங்கியிருந்தது.

இந்தப் பாடம் கோடியக்கரைக்குப் பொருந்தும். வெளிமான்களுக்குப் பெயர்பெற்ற அந்தச் சரணாலயம் அமைந்தது 1967இல். கரையோரத்தில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் அது முக்கியமானது. கஜா அங்கே மரங்களை வேரோடு பெயர்த்தது. மான்களும் குதிரைகளும் மடிந்தன. அப்படிப்பட்ட காட்டில் விழுந்த மரம் குப்பையல்ல. அது பறவைக்கும் பல்லிக்கும் புகலிடம், மேயும் கால்நடையிடமிருந்து இளங்கன்றுக்கு வேலி, மக்கியபின் மண்ணுக்கு உரம். ஆனால் சும்மா விட்டுவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. மேற்கூரை திறந்து வெயில் விழும் இடத்தில் முதலில் ஓடி வருவது சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும்தான். காய்ந்த கிளைகள் கோடையில் தீக்கு விறகு. பாதையை மறித்தவற்றை அகற்றி, தீத்தடுப்புக் கோடு வெட்டி, அயல் செடியைப் பிடுங்கி, மற்றதைக் காட்டின் பொறுப்பில் விடுவதே உத்தமம். பொறுமை வேண்டிய வேலை இது. திறப்பு விழா நடத்தி நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் புகைப்படம் எடுப்பதைப் போல எளிதல்ல.

நகரங்களும் இதில் பாடம் படிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் சாய்த்தவற்றில் குல்மோகர் போன்ற, அழகுக்காக நட்ட அயல் மரங்கள் ஏராளம். வேருக்கு இடம் விடாமல் கழுத்துவரை சிமெண்ட் பூசிய தெருக்களில் எந்த மரமும் நிற்காது. 2021 மே மாதம் தவ்தே புயல் மும்பையைத் தொட்டுச் சென்றபோது இங்கும் அதையே பார்த்தோம்.

குலசேகரத்தில் 2018இல் நட்ட ரப்பர் கன்று 2025 வாக்கில்தான் வெட்டுக் கத்தியைப் பார்த்திருக்கும். அந்த ஏழு வருடத்தில் டீக்கடைக்காரரின் தம்பியும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி சயானுக்கு வந்துவிட்டார். அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. புதிய மரங்களில் பால் வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்று ஊரில் முதலாளிகள் குறைப்படுகிறார்களாம்.

“ஆளெல்லாம் இங்கல்லவா இருக்கு,” என்று சிரித்தபடி பாய்லரின் அடுப்பைத் தூண்டிவிடுகிறார் அண்ணன். புயல் சாய்த்த மரங்களை அரசு எண்ணிவிட்டது. அந்த மரங்களோடு சேர்ந்து பெயர்ந்து வந்தவர்களை எண்ண இன்னும் யாரும் சயானுக்கு வரவில்லை.