கைமாறும் கடனும் கடனாளியின் கையொப்பமும்

நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கும்போது, வசூலாகாத கடன்களை மொத்தமாக விற்றுத் தம் கணக்கேடுகளைத் துப்புரவு செய்துகொள்வது வங்கிகளின் வழக்கம். அதன் விளைவாகத்தானோ என்னவோ, சமீப காலமாக இப்பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதங்களில் ஒரே புலம்பல் பல கையெழுத்துகளில் காணப்படுகிறது: கடன் வாங்கியது ஒரு வங்கியில்; முன்பு வந்து மிரட்டியது ஓர் ஏஜென்சி; இப்போதோ பெயரே கேள்விப்படாத வேறொரு ஸ்தாபனம், ஏழு நாளில் பணம் கட்டாவிடில் சட்ட நடவடிக்கை என்று நோட்டீஸ் விடுக்கிறது.

வங்கியின் சார்பில் வசூலிக்கும் முகவர் வேறு, கடனையே விலைக்கு வாங்கியவர் வேறு. முகவரை மாற்றினால் வங்கியே அதைக் கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும், புதியவர் அந்த அறிவிப்பின் நகலையும் அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரலிலேயே விதித்தது. விதிக்கும் வீட்டு வாசலில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் நன்கு அறிவார்கள். கடனை வாங்குபவர், பெரும்பாலும், 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனம், அதாவது ஏ.ஆர்.சி. நிதி அமைப்பின் ஆரோக்கியத்துக்காகவே இந்நிறுவனங்கள் தோன்றின என்பது சர்க்கார் வாக்கு. 2014க்குப் பின் பிரசித்தமான ஏற்பாட்டின்படி, விலையில் 15 சதவீதத்தை ரொக்கமாகக் கொடுத்து, மீதி 85 சதவீதத்துக்கு, வசூலாகும்போது தருவதாகச் சொல்லும் பத்திரங்களை நீட்டினாலே, வாராக்கடன் வங்கியின் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. கடனாளியின் பாக்கியிலோ ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஓர் ஏ.ஆர்.சி. மற்றோர் ஏ.ஆர்.சி.க்கு விற்பதற்கும் ரிசர்வ் வங்கி 2019இல் வழி திறந்துவிட்டது.

எத்தனை கை மாறினாலும் கடனின் வயது குறைவதில்லை என்பதே இதில் தலையாய விஷயம். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, பிணையில்லாத தனிநபர் கடனுக்கும் கிரெடிட் கார்டு பாக்கிக்கும் வழக்குத் தொடர அவகாசம் 3 ஆண்டு. வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த கடனுக்கு 12 ஆண்டு. அவகாசம் கடந்து வரும் பிராதை, பிரதிவாதி அந்த ஆட்சேபத்தைக் கிளப்பாவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. ஆகவே, பழங்கடனை மலிவாக வாங்கியவருக்குப் பணத்தைவிட முந்தித் தேவைப்படுவது கடனாளியின் கையொப்பம்.

நம் ஊர்களில் புரோநோட்டின் பேரில் கடன் கொடுத்தவர்கள், எந்தச் சட்டக் கல்லூரியிலும் பயிலாமலே இந்த நுட்பத்தை அறிந்திருந்தார்கள்: மூன்றாம் வருஷம் முடியுமுன் கடன்பட்டவரைத் தேடிப் பிடித்து, பத்து ரூபாயாவது வாங்கி, நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதி, அதன்கீழ் அவரிடம் கையெழுத்தும் பெற்றுவிட்டால், கடனுக்கு மறுபடியும் மூன்று வருஷ ஆயுள். இதுவே காலவரம்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. 18ஆம் பிரிவோ இதனினும் சாமர்த்தியமானது. கெடுவுக்குள், பாக்கி உண்டென்று கையொப்பமிட்டு எழுதிய எந்தக் காகிதமும் புதிய கெடுவைத் தொடங்கிவைக்கும். பாத்தியதையின் சரியான தன்மையைக் குறிப்பிடாவிட்டாலும், கடன் உண்டு ஆனால் தரமாட்டேன் என்று மறுத்தே எழுதியிருந்தாலும், ஏன், கடனுக்குப் பாத்தியதை இல்லாத வேறொருவருக்கு எழுதியிருந்தாலுங்கூட, அது ஒப்புதலாகலாம் என்று அப்பிரிவின் விளக்கவுரை விஸ்தரிக்கிறது. வேலை போய்விட்டது, ஆறு மாதம் பொறுங்கள் என்று பழைய ஏஜென்சிக்கு ஒருவர் மன்றாடி எழுதிய கடிதம், அவர் முகமே அறியாத புதிய ஸ்தாபனத்தின் வழக்குக்கு ஆதாரமாவது இப்படித்தான்.

கெடு முடிந்த பின்னும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. நல்லெண்ணத்துக்காக ஆயிரம் ரூபாய் கட்டுங்கள் என்று கேட்பார்கள். கட்டியதனால் மாத்திரம் காலாவதியான கடன் உயிர்பெறுவதில்லை. ஆனால் அத்துடன் நீட்டப்படும் சமரசக் கடிதத்தில், மீதியையும் தருகிறேன் என்ற வாசகத்தின்கீழ்க் கையொப்பமிட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதைச் செல்லத்தக்க புதிய வாக்குறுதியாக ஏற்றுக்கொள்கிறது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது தர்மம் என்பதில் ஆட்சேபமில்லை. எனினும் யாருக்கு, எவ்வளவு, எந்த ஆதாரத்தின் பேரில் என்று கேட்பது அதர்மமாகாது. எவ்வித ஒப்புதலும் இன்றி இக்கடிதம் எழுதப்படுகிறது என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு, கடன் கைமாறிய பத்திரத்தின் நகல், முழுக் கணக்கு விவரம், கடைசித் தவணை கட்டிய தேதி ஆகிய மூன்றையும் பதிவுத் தபாலில் கோருங்கள். விற்பனையை உறுதிசெய்யுமாறு பழைய வங்கியிடமும் எழுத்தில் கேளுங்கள். பிணையில்லாக் கடனைப் பொறுத்தவரை, விற்பனை உங்களுக்குத் தெரியுமுன் வங்கிக்கே கட்டிய தொகை செல்லும். வாங்கியவர் அதை இரண்டாம் முறை கேட்க முடியாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அவகாசம் கடந்தால் கடனே இல்லையா? கடன் உண்டு, வழக்குரிமைதான் போகிறது.

இரவில் அழைக்கலாமா? காலை 8க்கு முன்பும் மாலை 7க்குப் பின்பும் கூடாதென்பது 2022ஆம் ஆண்டு உத்தரவு.

சிறைக்கு அனுப்புவார்களாமே? கட்ட இயலாமை சிவில் விவகாரம். கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் அது வேறு வழக்கு.

பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால்? கடன் தகவல் நிறுவனமான சிபிலில் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். முழுதும் கட்டியதற்கு அது சமானமாகாது.

சிபில் பதிவே தவறானால்? புகார் செய்து 30 நாளில் தீராவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு.

வங்கி பதிலே எழுதாவிட்டால்? 30 நாள் பொறுத்து ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், கட்டணமில்லை.

நோட்டீஸிலுள்ள ஏழு நாள் கெடு? அது எழுதியவர் தாமே வைத்துக்கொண்ட கெடு. நீதிமன்ற சம்மன், ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ், பிணையுள்ள கடனுக்கு வரும் சர்ஃபேசி 13(2) நோட்டீஸின் 60 நாள் ஆகியவற்றைத்தான் ஒருநாளும் அலட்சியம் செய்யலாகாது.