ஒரே பெட்டியில் வந்த நான்கு ஹார்டு டிஸ்க்

செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து சற்று உயர்த்தி, பக்கவாட்டில் காற்று புக இடம்விட்டு, மேலே கூரை வேய்ந்த நீளமான அடைப்பு அது. உள்ளே ஒரு வெங்காயம் அழுகினால் பக்கத்தில் கிடப்பது தப்புவது கடினம். எல்லாமே ஒரே வயலில் விளைந்து, ஒரே ஈரத்தைக் குடித்து, ஒரே நாளில் பிடுங்கியவை. 'ஒன்று போனால் மற்றது இருக்கிறதே' என்று எந்த விவசாயியும் பட்டறையை எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் ஸ்டுடியோவிலும், ஸ்கேன் படங்களைக் காக்கும் மருத்துவமனையிலும் நான்கைந்து ஹார்டு டிஸ்க் செருகிய பெட்டி ஒன்று மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு 'ரெய்டு' என்று பெயர். வருமான வரித்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வைத்த பெயர் அது. சூத்திரம் எளிது. ஒரு டிஸ்க்கில் 4, இன்னொன்றில் 7, மூன்றாவதில் கூட்டுத்தொகை 11 என்று எழுதி வைத்தால், 7 தொலைந்தாலும் 11-லிருந்து 4-ஐக் கழித்து மீட்டுவிடலாம். இரண்டு எண்கள் ஒன்றாகத் தொலைந்தால் வழியில்லை.

அப்படித் தொலையுமா? ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாக நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட இரண்டு டிஸ்க்குகள் அதே ஆண்டில் போக பத்தாயிரத்துக்கு நான்கு வாய்ப்புதான். ஒரே நாளில் என்றால் அதைவிட மிகமிகக் குறைவு. பெட்டியை விற்கும் கடைக்காரர் சொல்லும் தைரியம் இந்தக் கணக்கிலிருந்து வருவது. ஒன்றின் சாவுக்கும் மற்றதன் சாவுக்கும் தொடர்பில்லை என்றால்தான் இப்படிப் பெருக்க முடியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடரும், பெர்க்லி மூவரில் ஒருவரான அதே கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் எழுதியது வேறு கதை. தயாரிப்பாளர் ஏட்டில் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம், நடப்பில் பெரும்பாலும் 2 முதல் 4, சில இடங்களில் 13 சதவீதம் வரை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு போவதும் வழக்கமான கணக்கு சொல்வதைப்போல நான்கு மடங்கு நடந்தது.

இன்னும் அப்பட்டமான உதாரணம் 2019 நவம்பரில் வந்தது. தங்கள் சர்வர்களில் உள்ள சில எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்குகள்) சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று ஹெச்பிஇ நிறுவனம் எச்சரித்தது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். காரணம், உள்ளிருந்த மென்பொருளில் ஒரு பிழை. ஒரே நாளில் பூட்டியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. நான்கு இருந்தென்ன, நாற்பது இருந்தென்ன? 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்தில் சாகும் இன்னொரு தொகுதி பற்றியும் அறிவித்தார்கள். 2022 ஜூலையில் 'ஹேக்கர் நியூஸ்' என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் பிரதான சர்வர் வீழ்ந்து, சில மணி நேரத்தில் மாற்று சர்வரும் படுத்தபோது, பலருடைய சந்தேகம் அந்த 40,000 மீதுதான் விழுந்தது.

பிழையே இல்லாத டிஸ்க்குக்கும் ஒரு கண்டம் உண்டு. பழுதானதை மாற்றியதும், பெட்டி மிச்சமுள்ளவற்றை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புதியதை நிரப்பும். 16 டெராபைட் டிஸ்க், விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிற்காமல் ஓடினாலே 22 மணி நேரம் ஆகும். பிற வேலையும் நடந்தால் நாள்கணக்கு. அதே வயதான மற்ற டிஸ்க்குகள் தங்கள் வாழ்நாளிலேயே அதிகம் உழைப்பது அந்த நேரத்தில்தான். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் படிக்க முடியாத துண்டு இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் 'ரெய்டு 6' இதற்காகவே வந்தது; பெரிய டிஸ்க்குகளுக்கு அதற்குக் குறைந்த எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பையும், இடி விழுந்து கருகிய பெட்டியையும் எந்த ரெய்டாலும் மீட்க முடியாது. அதற்கு வேறு கட்டடத்தில் இன்னொரு நகல் வேண்டும்.

டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே அதன் மென்பொருளில் பார்க்கலாம். இன்றே பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால், முதலில் வெளியே ஒரு நகல் எடுங்கள். பிறகு நான்கையும் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு தொகுதிகளில் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.