துறைமுக வேலைக்குப் போகும் புதிய சாரதிகளுக்கு

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் லொறி ஓட்டிப் பழகிய இளைஞர்கள் சிலர் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் ஓட்டும் வேலை பற்றி என்னிடம் விசாரிக்கின்றனர். மலைப்பாதையில் ஓட்டியவருக்குக் கைப்பழக்கத்தில் குறையிராது. ஆனால் துறைமுக வேலையில் சாரதி போடும் கையெழுத்துக்கும் விலை உண்டு. இவ்வாரம் அதைப்பற்றியே எழுதுகிறேன்.

தோட்டத் தொழிற்சாலையில் ஏற்றும் தேயிலை நேராகக் கப்பலுக்குப் போவதில்லை. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள களஞ்சியங்களுக்கே முதலில் போகிறது. 1883இல் ஆரம்பமான கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலைபோன பின்னர், ஏற்றுமதியாளர் அதைக் கலந்து, பொதிசெய்து, கொள்கலனில் துறைமுகத்துக்கு அனுப்புகிறார். உரம், இயந்திரம் போன்றவை துறைமுகத்திலிருந்து மேலே வருகின்றன.

முதலில் அனுமதிப்பத்திரம். லொறிக்குரிய 'சீ' வகை மட்டும் இருந்தால் ட்ரெயிலர் இழுக்கும் பிரைம்மூவரை ஓட்ட முடியாது. 'சீஈ' வகை வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைய அதற்குரிய அனுமதியும் வேண்டும். ஜய முனையம், சவுத் ஏஷியா கேட்வே, 2013இல் திறக்கப்பட்ட சீ.ஐ.சீ.டி. ஆகியவை வெவ்வேறு நிர்வாகங்கள். எந்த முனையம் என்று வாஃப் கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

அடுத்தது, பெட்டியைப் பொறுப்பேற்பது. கொள்கலன் இலக்கத்தில் 4 எழுத்தும் 7 எண்ணும் இருக்கும். அதையும் சீல் இலக்கத்தையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பக்கமும் சுற்றிவந்து, நசுங்கல், ஓட்டை எது இருந்தாலும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே கையெழுத்து. எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பையன் ஒருவன், கதவு நசுங்கிய வெற்றுக் கொள்கலனை இரவில் பாராமலே கையெழுத்திட்டு எடுத்தான். திருப்பிக் கொடுத்தபோது திருத்தச் செலவு அவன் தலையில் விழுந்தது. முதலாளி சம்பளத்தில் கழித்தார். அது பழைய நசுங்கல் என்று காட்ட அவனிடம் ஒரு வரி எழுத்துக்கூட இருக்கவில்லை.

தேயிலை ஏற்றும் பெட்டியென்றால் இன்னும் கவனம் தேவை. தேயிலை ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். உள்ளே ஒருவரை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழைநீரும் வரும். இரசாயன வாடை, மீன் வாடை இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள்.

பாரம் எவ்வளவு என்று தெரியாமல் வண்டியை எடுக்காதீர்கள். 20 அடிப் பெட்டியின் வெற்று எடையே 2 தொன்னுக்கு மேல். சரக்கோடு சேர்த்து 30,480 கிலோ வரை தாங்கும் பெட்டிகள் உண்டு. பெட்டி தாங்குவதையெல்லாம் உங்கள் வண்டியும் மலைப்பாதையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். ஏற்றுமதிக் கொள்கலனுக்கு உறுதிசெய்த எடை காட்டுவது 2016 ஜூலை முதல் உலகெங்கும் கட்டாயம். ஆகவே எடைச்சீட்டைக் கேட்பதில் வெட்கமில்லை.

ட்ரெயிலரில் பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு பூட்டுகளையும் நீங்களே கையால் பாருங்கள். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம். அங்கிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக இறங்கும்போது, ஏறுவதற்குப் போடும் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். பிறேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். 2023 ஜனவரியில் நானுஓயா, ரதெல்லையில் பஸ் ஒன்று வேனில் மோதி 7 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. நேரத்தை மிச்சம்பிடிக்கக் குறுக்குவழி தேடாதீர்கள்.

அவசரம் பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. கப்பல் கம்பனி தந்த இலவச நாட்கள் கடந்தால் பெட்டிக்கு நாட்கணக்கில் கட்டணம் ஏறும். அதனால் வேகமாக வரச்சொல்லி முதலாளி தொலைபேசியில் நெருக்குவார். வரிசையில் காத்திருக்கும் மணித்தியாலங்களுக்குக் கொடுப்பனவு உண்டா, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லொறி வைத்திருக்கும் நமது முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. புதிய சாரதியை முதல் சில நடைகளுக்கு அனுபவசாலி ஒருவரோடு அனுப்புங்கள். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பது, பள்ளத்தில் விழுந்த ஒரு வண்டியைத் தூக்குவதைவிட மலிவு.