தலையில் சுட்டாலும் சாகாத எதிரி

ஜாம்பிப் படங்களில் ஒரு விதி மாறுவதேயில்லை: தலையைக் குறிபார்த்துச் சுடு. எந்த ரைபிள், அதில் எந்தத் தொலைநோக்கி, எவ்வளவு தோட்டா என்பதெல்லாம் நம் மலைநாட்டு நோர்வூட் லயத்துப் பிள்ளைகளுக்கும் கைபேசி விளையாட்டில் அத்துப்படி. ஆனால் 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டுக்குக் கரு கொடுத்த நிஜப் பூஞ்சையிடம் இந்த விதி பலிக்காது.

அது ஒஃபியோகோர்டிசெப்ஸ். 1931இல் அந்தப் பேரினத்தை நிறுவியவர் நமக்கு அந்நியரல்லர். பேராதனையில் பூஞ்சையியலாளராக இருந்து, இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான டொம் பெட்ச். தேயிலை நோய்களைப் பற்றி நூல் எழுதியவர், பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளையும் அதே கவனத்துடன் ஆராய்ந்தார். மலைநாட்டில் பூஞ்சையை இலேசாக எண்ண முடியாது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியதால்தான் இந்த மலைகளில் தேயிலை ஏறியது.

ஒஃபியோகோர்டிசெப்ஸின் வித்து எறும்பின் மேலே ஒட்டி, தோட்டைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. சில நாட்களில் எறும்பு தன் கூட்டத்தின் பாதையை விட்டு விலகி, தாழ்வான இலையொன்றின் அடிப்பக்க நரம்பைக் கவ்வியபடியே உயிர்விடுகிறது. தாய்லாந்துக் காடுகளில் அந்த இலைகள் தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீற்றர் உயரத்தில் இருந்தன. பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் அங்கேதான் உண்டு.

அப்படியானால் மூளையைத்தானே அது பிடித்திருக்க வேண்டும்? 2017இல் ஆய்வாளர்கள் இறக்கும் தறுவாயிலிருந்த எறும்புகளை மெல்லிய சீவல்களாக்கி, முப்பரிமாணப் படமாகத் தொகுத்தார்கள். தாடைத் தசை, கால் தசை எங்கும் பூஞ்சை தசைநார்களைச் சுற்றி வலை பின்னியிருந்தது. மூளைக்குள் மட்டும் அது இல்லை! ஆட்டிவைப்பது தசைகளைச் சூழ்ந்த அந்த வலையா, மூளையை எட்டும் ஏதோ இரசாயனமா என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

கொன்றாலும் பயனில்லை. எறும்பு செத்த பிறகே கழுத்துப் புறத்திலிருந்து காம்பு முளைத்து, கீழே நடமாடும் எறும்புகள்மீது வித்து பொழிகிறது.

மனிதர் பயப்பட வேண்டியதில்லை. நம் உடலின் 37 பாகை வெப்பம் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒத்துவராது. இதுவோ எறும்புக்கென்றே பழகிய இனம்.

எறும்புக்கு உதவுவது இன்னொரு பூஞ்சை. அது செத்த எறும்பின்மீது வெண்மையாகப் படர்ந்து, ஜாம்பிப் பூஞ்சையின் காம்பையே மலடாக்கிவிடுகிறது. அதனால் முளைத்த காம்புகளில் மிகச் சிலவே வித்து தூவும் நிலையை எட்டுகின்றன. அப்படி மலடாக்கும் பூஞ்சைகள் சிலவற்றுக்கு 2022இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது.