குட்டித் தீவுகளின் வான்வாசல்

கரீபியன் கடலின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் 87 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட தீவு. 1648இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் அதன் வடபகுதி பிரான்சிடமும் தென்பகுதி நெதர்லாந்து முடியாட்சியின் கீழும் இருந்துவருகின்றன. தென்பகுதியில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையம் அமைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், இராணுவத் தேவைக்காக இங்கே ஓடுதளம் போடப்பட்டது. 1944இல் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா வந்து இறங்கிய பிறகு நிலையம் அவர் பெயரைப் பெற்றது.

வெளியுலகுக்கு இந்த நிலையத்தை அறிமுகப்படுத்தியவை மாஹோ கடற்கரைப் படங்கள்தாம். மணலில் நிற்பவர்களின் தலைக்குச் சற்று மேலே பெரிய விமானங்கள் தாழ்ந்து வரும் காட்சி அது. ஆனால் நிலையத்தின் உண்மையான பெருமை அக்கம்பக்கத் தீவுகளுக்கு அது செய்யும் சேவையில் இருக்கிறது.

சாபா என்ற எரிமலைத் தீவின் ஓடுதளம் ஏறத்தாழ 400 மீட்டர்தான். இரு முனைகளிலும் செங்குத்துப் பாறை, கீழே கடல். அங்கே விமானம் இறங்கவே முடியாது என்று பலர் கருதிய காலத்தில், 1959இல், ரெமி தெ ஹேனன் என்ற விமானி வெறும் சமப்படுத்திய தரையில் இறங்கிக் காட்டினார். 1963இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. செயின்ட் பார்ட்ஸ் தீவின் ஓடுதளம் சுமார் 650 மீட்டர். ஒருபுறம் குன்று, மறுபுறம் கடற்கரை. இத்தகைய இடங்களில் ஜெட் விமானம் இறங்க வழியில்லை.

செயின்ட் மார்ட்டினின் ஓடுதளமோ சுமார் 2,300 மீட்டர். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவர்கள் இங்கே இறங்கி, குறுகிய தளத்தில் ஏறி இறங்கவல்ல ட்வின் ஆட்டர் போன்ற சிறு விமானங்களுக்கு மாறுகிறார்கள். 1961இல் தொடங்கிய வின்ஏர் நிறுவனம் இந்தத் தொடர்பில் முதன்மையானது. சாபாவுக்குக் கால் மணி நேரப் பயணம்தான். அங்குவில்லா தீவுக்கு விமான நிலையத்தின் அருகிலிருந்தே படகு கிடைக்கும். செயின்ட் பார்ட்ஸில் இரவில் விமானம் இறங்க முடியாது. அதனால் நீண்டதூர விமானம் தாமதமானால், அங்கே போக வேண்டியவர்கள் பெரும்பாலும் அன்றிரவு செயின்ட் மார்ட்டினிலேயே தங்க நேரிடும்.

இது சுற்றுலாப் பயணிகளின் வசதி மட்டும் அன்று. ஏறக்குறைய 2,000 பேர் வாழும் சாபாவில் பெரிய மருத்துவமனை இல்லை. சிறப்புச் சிகிச்சை வேண்டுவோர் தீவை விட்டு வெளியே போயாக வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் படகை நம்ப முடியாது. அப்போது அந்தச் சிறு விமானம் உயிர்காக்கும் வண்டியாகிறது.

ஒரே மையத்தை இத்தனை தீவுகள் நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 2017 செப்டம்பர் 6இல் ஐந்தாம் வகைப் புயலான இர்மா முனையக் கட்டடத்தின் கூரையைப் பெயர்த்தெறிந்தது. வழக்கமான பயணிகள் சேவை அக்டோபர் 10இல் மீண்டும் தொடங்கியபோது, தற்காலிகக் கூடாரங்களே முனையமாக இருந்தன. சீரமைப்பு வேலை 2024இல்தான் நிறைவடைந்தது.

அங்குவில்லா இப்போது மயாமியிலிருந்து நேரடி ஜெட் சேவை பெற்றிருக்கிறது. சாபாவுக்கு அந்த வழி கிடையாது. ஓடுதளத்தை நீட்ட அங்கே நிலமே இல்லை.